வேகத்தைக் குறைத்தாள் இன்பராணி

பொத்தானை அழுத்திவிட்டு இன்பராணி அடுப்படிக்குப் போய்விடுவாள். தேத்தண்ணி கலக்கி, காலையில் போட்ட பாத்திரங்களைக் கழுவி, கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டு வந்தாலும் கம்ப்யூட்டர் திரை கறுப்பாகவே இருக்கும். பெட்டிக்குள் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சில நாள் காத்திருந்தபடியே நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவாள்.

பகலெல்லாம் அவளுக்கு செனாய் தொழிற்பேட்டையில், ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சரக்கைச் சோதிக்கிற வேலை. நின்று நின்று கணுக்கால் வீங்கிவிடும். சனி, ஞாயிறுகளில் கல்யாணம், ஞானஸ்நானம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போவாள். எடுத்ததை வெட்டி ஒட்டிப் படமாக்குவது வார நாட்களின் மாலையில். இதற்கு நடுவில் அந்தக் கறுப்புத் திரை வேறு.

கணவன் ரொனால்டிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. ரொனால்ட் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்து நெரிசலில் புகுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். திரும்பி வரும்போது பேச்சுக்கூட மிச்சமிருக்காது. அப்படிப்பட்டவன் அங்கிருந்து ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து, ஓய்வு நாட்களில் யூடியூப் பார்த்து, அவளுடைய பிறந்தநாளுக்கென்று தன் கையால் பூட்டிய கம்ப்யூட்டர் அது. இரண்டு ரேம் நினைவகப் பட்டைகள் போதும் என்றிருந்த இடத்தில் நான்கைச் செருகியிருந்தான்.

"ரேம் வந்த பெட்டியில போட்டிருக்கிற வேகத்துக்கே ஏத்திட்டேன் ராணி. இனிமே உன் வேலை பறக்கும் பாரு" என்று அன்றைக்குச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை இன்பராணி பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வேலை பறக்கவில்லை. திறக்கத் தாமதமானது போக, நடுநடுவே தானாக நின்றும் போனது. அவள் பொறுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ரூபினி போன் செய்தாள். லாயாங் லாயாங்கில் அவள் கல்யாணத்தை இன்பராணிதான் படம் பிடித்திருந்தாள். படம் இன்னும் முடியவில்லை.

"அக்கா, அப்பா தவறிட்டாங்க" என்றாள் ரூபினி. "கல்யாணத்துல மைக்க வாங்கிப் பேசினாங்கல்ல, அது மட்டும் வேணும்கா. பதினாறாம் நாள் பிரார்த்தனைக்குப் போடணும். அவங்க குரல் எங்ககிட்ட வேற எதுலயும் இல்ல."

ரூபினியின் அப்பா கமலநாதனை இன்பராணிக்கு நினைவிருந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்காத மனிதர், அன்றைக்கு என்ன தோன்றியதோ, மேடையேறிவிட்டார்.

மாலையில் கம்ப்யூட்டரில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்தாள். அவர் மைக்கைக் கையில் வாங்கினார், சிரித்தார், அதோடு படம் பச்சைக் கட்டங்களாகச் சிதறியது. முன்னே ஓட்டினாள், பின்னே ஓட்டினாள். அவர் பேசி முடிக்கும் வரை முகம் இருந்த இடமெல்லாம் கட்டங்கள்தான், குரலும் துண்டு துண்டாக அறுந்தது. கேமராவின் கார்டில் இருந்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எப்போதோ பயன்படுத்தியாகிவிட்டது.

குளுவாங்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செல்வாவுக்குப் போன் போட்டாள்.

"நாலு ரேமா? அலமாக்! அந்த வேகத்துலயா ஓட்டுறீங்க?" என்றான் செல்வா. "ரெண்டு போட்டா தாங்கும்கா. நாலு போட்டா கஷ்டம் லா. ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் அது ரேமை எல்லாம் முதல்ல இருந்து சோதிச்சு, ஒத்துப்போக வைக்கப் பார்க்குது. அதான் அவ்வளவு நேரம். அப்படியும் முழுசா ஒத்துப்போகல. அதுல காப்பி பண்ணினா ஃபைலும் கெட்டுப்போகும்."

"கெட்டது திரும்புமா?"

"திரும்பாதுக்கா."

அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு" என்றாள்.

செல்வா சொல்லச் சொல்ல, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போனாள். ரேமின் வேகத்தைச் சாதாரண அளவுக்கு இறக்கினாள். ரேமைச் சோதிக்கும் மென்பொருளை ஓடவிட்டு, அது பாட்டுக்கு ஓடட்டும் என்று படுத்துவிட்டாள். காலையில் ஒரு பிழையும் காட்டவில்லை. அதற்குப் பிறகுதான், ஒருமுறை சோதித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியைச் செயல்படுத்தினாள். அணைத்துப் போட்டாள். தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கத் திரும்புவதற்குள் திரை வந்துவிட்டது. சந்தோஷப்படத்தான் தெம்பில்லை.

ரூபினியின் கல்யாணத்தன்று மண்டபத்தின் ஓரத்தில் இன்னொரு கேமராவையும் நிறுத்தியிருந்தாள். நல்லவேளை, அதன் கார்டை அழிக்கவில்லை. அதில் கமலநாதன் பக்கவாட்டில்தான் தெரிந்தார். காதும் கன்னமும் நரைத்த கிருதாவும். குரல் மட்டும் முழுசாக இருந்தது.

ரூபினியிடம் மறைக்காமல் சொன்னாள். "முகம் நேரா இருந்தது கெட்டுப்போச்சும்மா. என் கம்ப்யூட்டர் கோளாறு. பக்கத்துல இருந்து எடுத்ததுதான் இருக்கு."

"குரல் இருக்காக்கா?"

"இருக்கு."

எதிர்முனையில் ரூபினி அழுதாள். கோபமா, ஆறுதலா என்று இன்பராணிக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் ரொனால்ட் ஏதோ பார்க்கக் கம்ப்யூட்டரைப் போட்டான். "ஏய், டக்குனு வந்துருச்சே!" என்று சிரித்தவன், எதற்கோ பயாஸுக்குள் போய்ப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "வேகத்தக் குறைச்சிட்டியா?"

இனி மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையைத் தொடையில் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த மனுஷன் முகத்தக் கெடுத்தது நான்தான்."

"ஆரம்பத்துலயே நான் சொல்லியிருக்கணும். நீங்க ஆசையா செஞ்சது, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

"சொல்லியிருக்கலாம் ராணி" என்றான். குரலில் கோபமில்லை, களைப்புதான். "எத்தன மணிக்கு பிரார்த்தனை? நானும் வரேன்."

லாயாங் லாயாங்கில் அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பூசைகள் முடிந்ததும் வெள்ளைத் துணியில் படம் ஓடியது. பக்கவாட்டில் நின்ற கமலநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு மருமகனைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, என் மக கோவக்காரி. கோவம் வந்தா பதில் பேசாதீங்க. ஒரு தட்டு சோத்தப் போட்டு முன்னால வச்சிட்டு, தள்ளி உக்காந்துக்குங்க. நான் அப்படித்தான் இத்தன வருஷம் வளத்தேன்."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ரூபினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னாள். பின்வரிசையில் ரொனால்ட் கடைசிவரை உட்காராமல் நின்றே பார்த்தான். கிளம்பும்போது ரூபினியிடம் போய் ஏதோ சொன்னான். அவள் தலையை ஆட்டி, அவன் கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திணித்தாள்.

காருக்கு வந்ததும் சாவியை இன்பராணியிடம் நீட்டினான். "நீ ஓட்டுறியா? எனக்குக் கண்ணு சொருகுது."

அவளுக்கும் சொருகத்தான் செய்தது. சாவியை வாங்கிக்கொண்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, செனாய்ப் பக்கம் காரைத் திருப்பினாள். லாயாங் லாயாங்கைத் தாண்டுவதற்கு முன்பே ரொனால்ட் பொட்டலத்தை மடியில் வைத்தபடி தூங்கிப்போயிருந்தான்.