குடைக்குள் எருமைகள்

பேருந்து நிலையக் கடையில் மகளுக்காகப் பிரித்த படப்புத்தகத்தின் பசை வாசனை, சாலை அகலமானபோது இடித்துவிட்ட எங்கள் சின்னமனூர் பால்வாடிக்கு என்னை இழுத்துப்போனது. ஓட்டு இடுக்கில் வெயில் ஒழுக, உப்புமா தாளிக்கும் சத்தத்துக்கு நடுவே டீச்சர் புத்தகத்தை விரிப்பார். ஒரே குடைக்குள் ஒவ்வொன்றாக நுழையும் எருமைகளை எண்ணித்தான் என் தம்பி பாண்டி பத்துவரை கற்றான், பத்தாவது எருமைக்குக் குடை கிழிந்ததும் விக்கல் வரும்வரை சிரிப்பான்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. டீச்சர் அந்தப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தபோது, “அங்கனயே இருக்கட்டும் டீச்சர்” என்று அம்மா வாங்க மறுத்துவிட்டாள்.

இன்று நான் வாங்கிவந்த அதே எருமைப் புத்தகத்தில் குடை கிழிந்ததும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

“புள்ளைய மெதுவாச் சிரிக்கச் சொல்லு, ஆத்தா.”