எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்

உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் இருந்தவர் காலை நடைக்குப் போன இடத்தில், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அடுத்து யார் வருவார் என்று நாடே பேசிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் யோசித்தவர் ஒரு கார் நிறுத்துமிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். வண்டி வந்தால் பொத்தானை அழுத்துவார். குறுக்குக் கம்பு மேலே போகும். வண்டி போனதும் தானாக இறங்கிவிடும். இறக்குவதற்குப் பொத்தான் கிடையாது.

சீட்டை நீட்டுகிறவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. அவருக்கும் அவர்களுடைய முகங்கள் தெரியாது, கைகள்தான் தெரியும். மோதிரம் இறுகிப்போன கை, மருதாணி போன கை, எப்போதும் போனைப் பிடித்திருக்கும் கை. சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட்டு, வேலை முடிந்து முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கட்டியிருக்கும்.

அவரை எல்லோரும் பிரேக் என்றுதான் கூப்பிட்டார்கள். ரயில்வேயில் உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். வேலை போன பிறகும் பெயர் போகவில்லை.

அப்போது அவர் விரைவு வண்டி ஓட்டுநர். ஒரு பனிக்காலத்து விடியலில், பாலம் தாண்டி வளைவு திரும்பியதும், தண்டவாளத்தின் நடுவில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார். துணி சுற்றிய எதையோ கையில் வைத்திருந்தாள். அவசர பிரேக்கைப் போட்டார். வண்டி நின்றது. இறங்கிப் போய்த் தேடினார்கள். யாரும் இல்லை. ரத்தம் இல்லை, துணி இல்லை, காலடிகூட இல்லை. ஜல்லியில் காலடி பதியாது என்று அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. வண்டிக்குள் மேல் படுக்கையிலிருந்து ஒரு பயணி விழுந்து இடுப்பு முறிந்தார். அவர் பிறகு நடக்கவே இல்லை.

பக்கத்தில் இருந்த உதவி ஓட்டுநர் அந்த நேரத்தில் குனிந்து பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். "நான் பாக்கலை சார்" என்று விசாரணையில் சொன்னார். உண்மைதான். அவர்மேல் பிரேக்குக்குக் கோபம் வந்ததில்லை. ஆனால் யாராவது பிளாஸ்க் மூடியைத் திருகினால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

மனைவி செய்த உதவிதான் வினையாகிவிட்டது. விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தபோது, இரக்கப்படுவார் என்று நினைத்து, "பாப்பாவுக்குக் காய்ச்சல் சார். முந்தின நாள் இவர் சரியாவே தூங்கலை" என்றாள். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவள் கொடுத்த டீயைக் குடித்தார். தூக்கக் கலக்கத்தில் நிழலைக் கண்டு வண்டியை நிறுத்தினார் என்று எழுதிவிட்டுப் போனார். வேலை போயிற்று.

சங்கம் வழக்குப் போட்டது. ஆபத்து என்று நினைத்து வண்டியை நிறுத்திய ஓட்டுநரிடம் ஆதாரம் கேட்கலாமா என்பது வழக்கு. முதல் நீதிமன்றத்தில் அவரை நாள் முழுக்க நிற்கவைத்துக் கேட்டார்கள். வேகம் என்ன, தூங்கியது எவ்வளவு, கண் எப்போது பரிசோதித்தது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சாயங்காலம் வக்கீல்கள் உட்கார்ந்த பிறகு, அதுவரை வாயே திறக்காத நீதிபதி ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பெண் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்?"

"எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாங்க சார். போற பக்கம் பாத்து."

நீதிபதி எழுதிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. தீர்ப்பில் ஒரு வரி இருந்தது: 'இந்தக் கேள்விக்கு அவர் யோசிக்கவில்லை. பார்க்காதவர் யோசித்திருப்பார்.'

ரயில்வே மேல்முறையீடு செய்தது. மேல் நீதிமன்றம் அந்த வரியையும் தீர்ப்பையும் சேர்த்து அடித்துப் போட்டது. தீர்ப்பு உணர்ச்சியில் எழுதப்பட்டது என்றது. சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே வருஷக்கணக்கில் கிடந்து, வழக்கு விசாரணைக்கு வரும் சமயத்தில்தான் அங்கே அந்த நாற்காலியில் இருந்தவர் பூங்காவில் இறந்தார். மிச்சமிருந்தவர்கள் பாதிக்குப் பாதி பிரிந்தார்கள். காலியிடம் நிரம்பியதும் முழு அமர்வு மறுபடி கேட்கும் என்று உத்தரவாயிற்று.

பத்திரிகைகளில் மூன்று பேருடைய பெயர் அடிபட்டது. மீசைக்காரர் ஒருவர். அமைச்சர் வீட்டில் பெண் கொடுத்திருந்த சம்பந்தி ஒருவர். மூன்றாமவர், அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவர். படிப்படியாக மேலே போய்விட்டிருந்தார். கேலிச்சித்திரங்களில் அவருக்கு வாய் வரைவதில்லை. ஊமை நீதிபதி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் வந்துவிட்டால் போதும் என்று பிரேக் நினைத்தார். வேலை இனித் திரும்பக் கிடைத்தாலும் ஓட்டுகிற வயதில்லை. அவருக்கு வேண்டியது அதுவல்ல. தான் பார்த்தேன் என்பதை நம்பிய ஒரே மனிதர், எல்லோருக்கும் மேலே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அதற்குமேல் முறையீடு கிடையாது. அங்கே சொன்னால் சொன்னதுதான்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காது என்ற பயம் கொஞ்சம். கேட்பதற்கு ஆள் இல்லை என்பது மீதி.

மகளின் பிரசவத்துக்கு வேறு ஊருக்குப் போன மனைவி திரும்பவில்லை. பிறந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சண்டை என்று எதுவும் இல்லை. துணிமணிகள் பாதி இங்கேதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்வாள்.

"டிவியில சொன்னாங்க. உங்க ஜட்ஜும் லிஸ்ட்ல இருக்காராமே?"

"ஆமா."

"வந்தா நல்லதாங்க?"

"வந்தாப் போதும்."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் போட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நான் அன்னைக்கு அந்தாள்கிட்ட வாயத் தொறக்காம இருந்திருக்கணும்."

"அதை விடு. பேத்தி என்ன பண்றா?"

"தூங்குறா. ஏங்க..."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

நிஜமாகவே அங்கே யாராவது நின்றார்களா என்று அவள் இதுவரை கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த 'ஏங்க'வுக்குப் பின்னால் அது இருப்பதாக அவருக்குத் தோன்றும்.

ரயில் சத்தம் கேட்காத தெருவாகப் பார்த்து வீடு பிடித்திருந்தார். அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. அதற்காக வீடு மாற்றவும் மனசில்லை.

மனிதக் குரல் வேண்டுமென்றால் சலூனுக்குப் போவார். முகச்சவரம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இங்கே வந்தால் ஒருவர் தாடையைப் பிடித்துத் திருப்புவார், "சூடு போதுமாண்ணே?" என்று கேட்பார். சலூனில் எப்போதும் ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். தலையில் முடி இல்லை. பேப்பருக்காக வருகிறவர்.

"சம்பந்திதான்" என்றார் குமாஸ்தா. "எழுதி வச்சுக்க."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. எழுதி எழுதிப் பேனாதான் தீந்துச்சு" என்றார் சலூன்காரர், பிரேக்கின் முகத்தில் நுரையைத் தடவிக்கொண்டே. "என் ஓட்டு மீசைக்கு."

"உன் ஓட்டு யாருக்கு வேணும்?"

"தொழில் பாசம் சார். அந்த மீசையைப் பராமரிக்க ஆள் வேணும்ல."

"அப்ப ஊமை?"

"வாயே தொறக்காதவருக்கு எதுக்கு அவ்வளவு உசரத்துல நாற்காலி? நம்ம கடை நாற்காலில வந்து உக்காரச் சொல்லுங்க. எனக்கும் அப்படி ஒரு கஸ்டமர் வேணும்."

இருவரும் சிரித்தார்கள். நுரைக்குள்ளிருந்து பிரேக் சொன்னார்: "அவரு பேசுவாரு."

கத்தி நின்றது. கண்ணாடியில் இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன பிரேக், திடீர்னு ஸ்டேஷன் இல்லாத எடத்துல நிறுத்திட்ட?" என்றார் குமாஸ்தா.

"ஒரு கேள்வி கேப்பாரு. ஆனா கேக்க வேண்டியதைக் கேப்பாரு."

"ஏன், உன்னைக் கேட்டாரோ?"

சலூன்காரர் பிரேக்கின் தாடையை மெதுவாக மேலே தூக்கி, "பேசாதீங்கண்ணே, கழுத்துக்கு வந்துட்டேன்" என்றார். குமாஸ்தா பேப்பரின் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அறிவிப்பு ஒரு நாள் மதியம் வந்தது. கூண்டில் இருந்த சின்ன ரேடியோவில் கேட்டார். ஊமை நீதிபதிதான். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவர் பொத்தானை அழுத்தினார். கம்பு போனது, வந்தது. அடுத்த வண்டி. அன்றைக்குச் சீட்டு நீட்டிய கைகளுக்கெல்லாம் "நன்றிங்க" என்றார். ஒரு கை மட்டும் திகைத்து ஒரு நொடி நின்றது.

சாயங்காலம் சங்கத்து வக்கீலம்மாவுக்குப் போன் செய்தார். அவராகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, அவரே வந்துட்டாரு."

"நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?"

"இருக்காதாம்மா?"

"ஐயா, நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். அவர் நம்ம கேஸைக் கேக்க முடியாது."

"ஏன்?"

"முதல்ல கேட்டவரே அவர்தானே? தான் எழுதின தீர்ப்பு சரியா தப்பான்னு தானே உக்காந்து பாக்க முடியாது. நம்ம கேஸைக் கூப்பிட்டதும் எந்திரிச்சுப் போயிடுவாரு. அதான் முறை."

"அப்ப அந்த நாற்காலி?"

"நம்ம கேஸுக்கு மட்டும் காலியாத்தான் இருக்கும்."

"மறுபடி பாதிக்குப் பாதியா?"

"அவங்க யாரும் மனசு மாறலைன்னா அப்படித்தான். சமமாப் பிரிஞ்சா மேல்முறையீட்டுத் தீர்ப்பு அப்படியே நிக்கும். நமக்கு எதிரா."

அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"வேற யார் வந்திருந்தாலும்?"

"ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

"மீசை வந்திருந்தாக்கூட?"

"மீசை வந்திருந்தாக்கூட."

"சம்பந்தி?"

"அவர் வந்திருந்தாலும்தான்." வக்கீலம்மாவின் குரல் தாழ்ந்தது. "நீங்க அவருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுய்யா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"உங்க மேல என்னம்மா இருக்கு."

"அன்னைக்கு நீங்க வரணும்னு அவசியமில்ல."

"வரேம்மா."

ரயிலில் போனார். ஜன்னலோர இடம் கிடைத்தது. எதிரே இருந்தவருக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

நீதிமன்ற அறை அவர் நினைத்ததைவிடச் சின்னது. நீதிபதிகள் திரைக்குப் பின்னாலிருந்து வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஓரத்து நாற்காலியில் ஊமை நீதிபதி இருந்தார். தலை நரைத்திருந்தது. கையில் பேனா இருந்தது. வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் பேனாவை மூடிவைத்தார். "இவரை நான் முன்பே கேட்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கூட்டத்தில் யாரைத் தேடியும் பார்க்கவில்லை. திரை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் இரண்டு பக்க வக்கீல்களிடமும் புதிதாகச் சொல்ல எதுவும் உண்டா என்று கேட்டார்கள். தலையைச் சாய்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். யாரும் மாறவில்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பு நிற்கும் என்றார்கள். வக்கீலம்மா திரும்பி பிரேக்கைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவளுக்கு அடுத்த அறையில் வேறு வழக்கு இருந்தது, கோட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.

சேவகர் உள்ளே போய்ச் சொன்னார். ஊமை நீதிபதி திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

போகலாம் என்றுதான் பிரேக் நினைத்தார். கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்தது ஏதோ சுவர் வழக்கு. இரண்டு வீடுகள், நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல். வக்கீல்கள் மாறி மாறிப் பேசினார்கள். வெளிச்சத்துக்கான உரிமை என்றார்கள், பழைய தீர்ப்புகளைப் படித்தார்கள். ஊமை நீதிபதி மட்டும் ஒன்றும் பேசவில்லை. பிரேக் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உணவு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் கேட்டார்.

"அந்த ஜன்னல் உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?"

வக்கீல்கள் காகிதங்களைப் புரட்டினார்கள். பிரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து நின்றாள்.

"உள்பக்கங்க."

சேவகர் ஓடிவந்து, "உக்காரும்மா, இங்கெல்லாம் பேசக் கூடாது" என்று அதட்டினார். அவள் உட்கார்ந்தாள். ஓரத்து நாற்காலியில் அவர் குனிந்து எழுதினார்.

"நான் சொன்னது அவர் காதுல விழுந்திருக்குமாங்க?" என்று அவள் பிரேக்கிடம் மெதுவாகக் கேட்டாள்.

"விழுந்திருக்கும். எழுதிக்கிட்டாரு."

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"என்னையும் ஒரு தடவை கேட்டிருக்காரு."

அவள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பினாள். "உங்களை என்ன கேட்டாரு?"

சொல்லலாமா என்று அவர் யோசித்தார். அதற்குள் மணி அடித்தது. நீதிபதிகள் எழுந்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளுடைய வக்கீல் முன்வரிசையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனாள். அறை காலியானது.

சேவகர் மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார். "உங்களுது எப்ப?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்க" என்றார் பிரேக்.