மதகிலிருந்து ஏழாவது

அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டது. யதுர்சிகா ஒரு கடதாசித் துண்டைச் சோற்றுப் பருக்கையால் பின்பக்கம் ஒட்டி, காயும்வரை வாசல் வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்குத் தலைப்புக் கொடுக்கவேண்டும். நாளைக்குக் கொடுக்காதவர்களின் ஆய்வுக் கட்டுரையைத் தான் எடுக்கப்போவதில்லை என்று பெற்றிசியா ரீச்சர் சொல்லியிருந்தார்.

முதலில் அவள் எழுதியது ‘மன்னாரில் மீள்குடியேற்றம்’. ரீச்சர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்கு ஒரு கந்தோரும் அதில வேலைக்குப் பத்துப் பேரும் வேணும், பிள்ளை. உன்னட்ட இருக்கிறது ஒரு சைக்கிள். சைக்கிளில போய்ப் பார்க்கக்கூடிய அளவுக்கு ஒடுக்கிக்கொண்டு வா.”

அடுத்த கிழமை ‘எங்கள் ஊரில் நெற்செய்கை’ என்று ஒடுக்கிக்கொண்டு போனாள்.

“எந்தப் போகம்? ஆற்றை வயல்? என்ன கேள்வி? கேள்வி இல்லாட்டி இது ஆய்வில்லை, பேச்சுப்போட்டி.”

வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து லக்சன் குரல் கொடுத்தான். “வயலெண்டால் உங்கட அப்பாட்டைக் கேளன். ஊரில எல்லாற்ற வயலும் அவருக்குத் தெரியும்.”

வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டு வந்தாள். அவளுடைய ஊரிலிருந்து உயர்தரம் படிக்க வேறு யாரும் போவதில்லை. திருக்கேதீஸ்வரக் கோயிலைத் தலைப்பாக எடுத்த நாலு பேர் அதைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்குத் திருவிழா, ஒருத்திக்குத் தீர்த்தம். அவளை யாரும் பங்குக்குக் கேட்கவில்லை.

லக்சன் குத்திக்காட்டிய கதை மூன்று வருடம் பழையது. திருக்கேதீஸ்வரத்திலிருந்து இரண்டு கட்டை தூரத்திலுள்ள அந்த ஊருக்கு, போரில் இடம்பெயர்ந்து இருபது வருடத்துக்குப் பிறகு 2010இல் சனம் திரும்பியது. முதலில் வந்தவை ஒன்பது குடும்பங்கள். அவற்றில் ஒன்று சீவரத்தினமும் அவருடைய மகள் யதுர்சிகாவும். அம்மா வரவில்லை. முகாமில் காய்ச்சல் வந்து இறந்துபோயிருந்தார். கண்ணிவெடி எடுத்து முடிந்ததும் சீவரத்தினம் தன் தகப்பனுடைய வயல் என்று ஒன்றை உழுது விதைத்தார். நெல் நன்றாக வந்தது. கதிர் முற்றும் நேரத்தில், அகதியாகப் போயிருந்த அதே ஊர் இராசேஸ்வரி இந்தியாவிலிருந்து வந்து வரம்பில் நின்று, அது தன்னுடைய வயல் என்றார். அளந்து பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி. சீவரத்தினத்தின் வயல் பக்கத்தில் பத்தை மூடிக் கிடந்தது. நெல்லைப் பாதியாகப் பிரித்தார்கள். இராசேஸ்வரி எல்லோர் முன்னாலும் “கள்ளன்” என்றார். அதற்குப் பிறகு ஊரில் யாருடனும் சீவரத்தினம் அதிகம் கதைப்பதில்லை. வீட்டிலும்தான்.

தாள் காய்ந்துவிட்டது. அவள் ஒட்டின இடத்தில் எழுதினாள்: ‘ஒரு வயல் மாறி விதைக்கப்பட்டது.’ இடம் என்ற கோட்டில் ஊரின் பெயர். காலம் என்ற கோட்டில் 2010 பெரும்போகம். வினா என்ற கோட்டில் ‘எப்படி?’ இதைவிட ஒடுக்க ஏலாது. கடைசிக் கோடு பெற்றோர் கையொப்பத்துக்கு.

தகப்பன் கால் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். தாளைக் கொடுத்தாள். அவர் எட்டப்பிடித்து வாசித்தார்.

“ஊர் சிரிச்சது காணாதோ? இனிப் பள்ளிக்கூடமும் சிரிக்கோணுமோ?”

“உங்கட பேர் போடேல்லை அப்பா.”

“பேர் போடாட்டி ஆருக்குத் தெரியாது?”

பள்ளிக்கூடம் ஏற்கெனவே சிரிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. “நாளைக்குக் கடைசி நாள். வேற தலைப்பு இல்லை,” என்றாள்.

அவர் தாளை மடியில் வைத்தார். முற்றத்தைப் பார்த்தார்.

“உண்மையாத்தான் கேக்கிறியோ, எப்பிடி எண்டு?”

“ஓம்.”

“எங்கட ஆக்கள் வயலுக்குக் குறி றோட்டு மதகுதான். மதகிலயிருந்து ஏழாவது எங்கடை. என்ரை அப்பர் அப்பிடித்தான் சொன்னவர், அவற்றை அப்பரும் அப்பிடித்தான். நான் மதகில நிண்டு ஏழு எண்ணினனான். பிழையில்லை. ஏழுதான்.”

“பிறகு?”

“மதகு பிழை. றோட்டுப் போட்டவங்கள் மதகை ஒரு வயல் தள்ளிக் கட்டியிருக்கிறாங்கள். அளந்து முடிஞ்சு கனநாளுக்குப் பிறகு விறகுக்குப் போகேக்கை பழைய மதகின்ரை கல்லைக் கண்டனான். பத்தையுக்கை கிடந்தது.”

“ஏன் அப்பா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“ஆர் கேட்டது?”

அவள் தலை குனிந்துகொண்டாள். ஒரே வீட்டில் மூன்று வருடம். அவளும் கேட்கவில்லை. தகப்பன் நல்ல நிலமாகப் பார்த்து எடுத்தவர்தான் என்று, அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றுகூட, அவள் நினைத்திருக்கிறாள்.

சீவரத்தினம் பேனையை வாங்கினார். கையெழுத்து ஒட்டுத் துண்டின் மேல் ஏறி வளைந்தது.

“பேர் போடாதை. மதகைப் போடு,” என்றார். எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

மறுநாள் பஸ் பிந்தி வந்தது. பெற்றிசியா ரீச்சர் தாளை வாசித்து, “சரி. மற்ற ஆளையும் கேட்கவேணும்,” என்று சொல்லி, வகுப்பிலுள்ள ஹிதாயாவின் தாளுக்குக் கீழே வைத்தார். பின்னேரம் யதுர்சிகா சைக்கிளில் இராசேஸ்வரி வீட்டுக்குப் போனாள். படலை கம்பியால் கட்டியிருந்தது. உள்ளே றேடியோ கேட்டது. “அன்ரி” என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். றேடியோ நின்றது. யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வயல் றோட்டுக்குப் போனாள். புதிய மதகிலிருந்து, தகப்பன் சொன்ன பழைய கற்கள் கிடந்த இடம்வரை சைக்கிளை உருட்டி, சக்கரம் சுற்றுவதை எண்ணினாள். முப்பத்தொன்று; ஒரு வயல் அகலம். வீட்டில் தகப்பன் இல்லை. சோறு மூடியிருந்தது. சாப்பிட்டுவிட்டு, கொப்பியைத் திறந்து முப்பத்தொன்று என்று எழுதினாள்.