உப்புக் காற்றில் இருபது பெரணித் தொட்டிகள்

வேலையை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. கூடுவாஞ்சேரி வீட்டில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் என்னால் உட்கார முடியவில்லை. பால்கனியில் வளர்த்த பெரணிச் செடிகளைப் படமெடுத்து இணையத்தில் போடுவதுதான் ஒரே வேலை. அதைப் பார்த்துத்தான் கோவளத்தில் சின்ன விடுதி நடத்தும் ஷமீமா அக்கா அழைத்தார். வெள்ளிக்கிழமை புது மாடி திறப்பு, இருபது தொட்டி வேண்டும் என்றார். என் முதல் ஆர்டர். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஆடி மாதம், புதன்கிழமை கிளம்பினேன்.

காலை 6.50 மின்சார ரயில். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். இடம் இருந்தும் வாசலருகே நின்றுகொண்டே போனேன். நிலையத்திலிருந்து திருக்கழுக்குன்றம் சாலையில் ஆறு கிலோமீட்டர் போனால் நர்சரி. ஆட்டோ 150 ரூபாய். பச்சை வலைக்குக் கீழே நுழைந்ததும் சில்லென்று ஈரம். பாஸ்டன் பெரணி தொட்டி 140, பறவைக்கூடு பெரணி 260. முதலாவதில் பதினான்கு, இரண்டாவதில் ஆறு. (வாங்கப் போகிறவர்கள் இலை அழகில் மயங்காதீர்கள். நடுவில் சுருண்ட புதுக் குருத்து இருக்கிறதா என்று பாருங்கள்.)

கோவளம் வரை நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நர்சரி வாசலில் நின்ற ஏழுமலையின் குட்டி யானைச் சரக்கு வண்டிக்கு 1,800 ரூபாய் பேசி, 9.10க்குப் புறப்பட்டோம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பின் கண்ணாடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா யக்கா, திரும்பித் திரும்பிப் பாத்துகினே கீற? பின்னாடி கொழந்தையா கீது?" என்றார்.

மாமல்லபுரம் தாண்டி ஈசிஆரில் ஏறியதும் காற்று பிடித்துக்கொண்டது. இலைகள் படபடவென்று அடித்து, நுனி ஒடிந்து பறந்தன. இரண்டு முறை நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் முறை அவரே நிறுத்தினார். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், இதெல்லாம் எம்மாத்திரம்? இப்டியே போனா வெறும் தொட்டிதான் எறங்கும்." இளநீர்க் கடையில் நான்கு சாக்கு வாங்கி, நனைத்து, காற்று வரும் பக்கமாகக் கட்டினார். அதற்கு இருபத்தைந்து நிமிடம்.

கோவளம் போய்ச் சேர மணி 11.05. ஷமீமா அக்கா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, அடியில பூரா பூச்சி முட்டையா?"

"முட்டை இல்லக்கா. பெரணி பூக்காது, காய்க்காது. இந்தப் பழுப்புப் பொட்டுல இருக்கற தூள்லேர்ந்துதான் புதுச்செடி வரும்."

அரைமனதாகத் தலையாட்டிவிட்டு மாடிக்கு அழைத்துப்போனார். கடலைப் பார்த்த திறந்த வராந்தா. முழு வெயில். புதிதாய்ப் போட்ட இரும்புக் கைப்பிடியில் அதற்குள் துரு. "இந்த ஓரமா வரிசையா வச்சுடு. வர்றவங்க போட்டோ எடுப்பாங்க."

பெரணிக்கு ஆகவே ஆகாத இடம். வெள்ளிக்கிழமை வரை எப்படியும் பச்சையாக இருக்கும். அதற்கப்புறம் பட்டுப்போனால் தண்ணீர் ஊற்றவில்லை என்று சொல்லிவிடலாம். அந்த வராந்தாவில் இரண்டு தடவை இப்படியும் அப்படியும் நடந்தேன்.

"அக்கா, இங்க வச்சா பத்து நாள் தாங்காது. உப்புக் காத்து கருக்கிடும்."

"அத இப்ப வந்து சொல்ற? ஃபோன்லயே சொல்றதுக்கு இன்னா?"

"எங்க வைப்பீங்கன்னு நான் கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்."

படியில் தொட்டியோடு நின்ற ஏழுமலை, "எறக்கவா, ஏத்தவா?" என்றார்.

விடுதி முழுக்க ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். மாடிப்படித் திருப்பத்தில் வெயில் படாத வெளிச்சம். குளியலறை ஜன்னல்களில் ஈரம். கீழே நடையில் காற்றை மறைக்கும் சுவர். பத்துத் தொட்டிகளுக்கு இடம் கிடைத்தது. பதினொன்றாவதை அக்காவே தூக்கிக்கொண்டுபோய் வராந்தாவில் வைத்தார். "இது இங்கதான் இருக்கும். நான் பாத்துக்கறேன்." மீதி ஒன்பதோடு, கேளம்பாக்கம் வண்டலூர் வழியாகத் திரும்பினேன், அதற்குத் தனியாக 900 ரூபாய். வழியெல்லாம் முதல் ஆர்டரை நானே கெடுத்துக்கொண்டேனோ என்று குடைந்தது.

இதே வழியில் செடி ஏற்றப்போகிறவர்கள் மேலே தார்ப்பாய் போட்டு, ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். கடலோர வீடு என்றால் செடியின் விலையைச் சொல்வதற்கு முன் வைக்கும் இடத்தைக் கேளுங்கள்.

பதினோராம் நாள் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. வராந்தாத் தொட்டி, நுனி முதல் அடிவரை பழுப்பு. திட்டு வாங்கத் தயாராக அழைத்தேன்.

"பத்து நாள்னு சொன்ன, ஒம்போதுலயே பூட்ச்சு. உள்ள வச்சதெல்லாம் குருத்து வுட்டுகினு கீது. மீதிய வித்துட்டியா?"

"இல்லக்கா."

"பக்கத்து வூட்டுக்காரி கேக்கறா. செடிய அப்பறம் ஏத்திகினு வா. மொதல்ல நீ வந்து அவ வூட்டப் பாரு."