அமாவாசையை மறந்த கணக்கு

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நானும் மெர்சியும் விழுப்புரம் பேருந்துக்காக நின்றிருந்தோம். பதற்றம் சிறிதும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? அங்கே எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பதைக் கணித வழியில் கண்டறிந்தவர்களே நாங்கள்தாம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் ஞாயிறு வகுப்பில், பயன்பாட்டுக் கணிதத்தின் அறிமுகப் பாடத்தில் நான் சேர்ந்திருந்தேன். எனக்கு அது ஆசை. பக்கத்து இருக்கை மெர்சிக்கோ... பிழைப்பு. திண்டிவனத்தில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். இரு குழந்தைகளின் தாய். பட்டப்படிப்பின் மற்ற தாள்களையெல்லாம் முடித்துவிட்டு, முதலாண்டின் இந்த ஒரு தாளில் மட்டும் அரியர் வைத்திருந்தாள். இதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் பட்டம் இல்லை.

அன்றாடம் காணும் ஒன்றுக்குக் கணித மாதிரி அமைத்து, நேரில் வந்து விளக்க வேண்டும் என்பது தேர்வு. நாங்கள் பேருந்தைத் தேர்ந்தெடுத்தோம். வகுப்புக்குப் போகும் ஞாயிறுகளில் முன்னதாகவே நிலையத்துக்கு வந்து, எந்த வண்டி எப்போது வருகிறது என்று கவனித்தோம். வரைபடம் வரைந்தோம். விடை கிடைத்தது: சராசரியாகக் கால் மணி நேரத்துக்கு ஒரு பேருந்து.

அந்த விடையை விளக்கத்தான் அன்று புறப்பட்டோம். அதை நம்பியே புறப்பட்டோம் என்பது கூடுதல் செய்தி.

கால் மணி போயிற்று. அரை மணியும் போயிற்று. கூட்டம் பெருகியது, பேருந்து மட்டும் வரவில்லை. மெர்சி டைம் கீப்பரிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணே, விழுப்புரம் வண்டி எப்ப வரும்?"

"இன்னாம்மா, ஊருக்குப் புதுசா? இன்னிக்கி அமாவாசை. பாதி வண்டி மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷலா போயிடுச்சி. நின்னுக்கினு இரு, வந்தா வரும்."

மெர்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, தேதி தெரியல. உங்களுக்குமா தெரியல, ஆன்ட்டி?"

தெரியும். அதுதான் வேடிக்கை. அமாவாசையன்று எங்கள் வீட்டு வாசலில் கோலம் போடுவதில்லை. அன்று காலையும் நான் போடவில்லை. காக்கைக்குச் சோறுகூட வைத்துவிட்டு வந்தேன். ஆனால், என் வாசலுக்கு வந்த அமாவாசை பேருந்து நிலையத்துக்கும் வரும் என்பது மட்டும் தோன்றவே இல்லை. வீட்டில் தெரிந்ததை வீட்டிலேயே வைத்துவிட்டு, கல்லூரியில் தெரிந்ததை மட்டும் கைப்பையில் எடுத்துப் போகிறோம் — நான் மட்டும்தானா, நீங்களுமா?

ஷேர் ஆட்டோ பிடித்து பைபாஸுக்கு விரைந்தோம். திருச்சிப் பேருந்து ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினோம்.

"ஊருக்குள்ள போவாது. பைபாஸ்லதான் எறங்கணும்," என்றார் நடத்துநர்.

"எங்க வேணா எறக்கி வுடுங்க. ஜல்தியா போனா போதும்," என்றாள் மெர்சி. வழி நெடுகத் துப்பட்டாவின் நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேராசிரியர் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மெர்சி நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப உங்க மாடல் தப்பு. அப்படித்தானேம்மா?"

மெர்சி எங்கள் வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"மாடல் தப்பில்ல சார். நாங்க பாத்த ஞாயித்துக்கெழம ஒண்ணுலயும் அமாவாசை வரல. அத்த அமாவாசையில நம்பிக்கினு வந்ததுதான் தப்பு. எந்த நாளைக்குச் செல்லும், எதுக்குச் செல்லாதுன்னு சொல்லாம வுட்டுட்டோம். இப்ப சொல்லட்டுங்களா?"

மடிக்கணினி மீண்டும் வெளியே வந்தது. "உக்காருங்க," என்றார். "காலையிலேர்ந்து எல்லாரும் விடைய மட்டும் சொல்லிட்டுப் போய்க்கினு இருக்காங்க. இந்த ஒண்ணத்தான் நான் கேக்கணும்னு உக்காந்திருந்தேன்."

வெளியே வந்ததும் மெர்சி அவித்த மல்லாட்டை — வேர்க்கடலைதான் — வாங்கினாள். அவள் தின்ற வேகத்தைப் பார்த்த பிறகே, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. என் பங்கையும் மெல்ல அவள் பக்கம் நகர்த்தினேன்.

சென்ற வாரம் முடிவு வந்தது. இருவரும் தேர்ச்சி. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்த நான், நெடுநேரம் எழவில்லை.

நேற்று மெர்சி தொலைபேசியில் அழைத்தாள். திங்கட்கிழமை விழுப்புரத்தில் ஒரு வேலைக்கு இன்டர்வியூவாம். வாழ்த்திவிட்டு, எத்தனை மணி வண்டிக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டேன்.

"அத்த அப்புறம் சொல்றேன், ஆன்ட்டி. மொதல்ல நீங்க சொல்லுங்க... திங்கக்கெழம உங்க வாசல்ல கோலம் உண்டா, இல்லியா?"