குடை இல்லாத வாக்குச்சீட்டு

புதூர்நாடு போகும் ஜீப் ஓடைக்கரையில் நிற்கிறது. மூடுபனியில் புளியமரங்கள் கரைந்து கரைந்து மீள்கின்றன. அரசுப் பணியில் இருந்தபோது, இந்த ஓடையைத் தொகுதி எல்லையாக வரைபடத்தில் கோடிட்டவன் நான். இரு கரையிலும் இருப்பவர்கள் உறவுக்காரர்களா என்று விசாரிக்கவில்லை.

கரையில் சாமை புடைக்கும் பெண்ணிடம் தேர்தல் பற்றிக் கேட்கிறேன்.

"அக்கரையில எங்கண்ணன் நின்னாருங்க, குடை சின்னத்துல. எங்க சீட்டுல குடையே காணோம். ஊரே வெத்து எடத்துல குத்திட்டு வந்தோம்."

"அது செல்லாதும்மா."

"அண்ணன் தோத்துட்டாரு. நாங்க ஏமாத்திட்டோம்னு வூட்டுக்கே வர்றதில்ல."

"தப்பு என்னோடதும்மா. நான் போட்ட கோட்டாலதான் இந்தக் கரை வேற தொகுதிக்குப் போச்சு."

அவள் முறத்தைக் கீழே வைக்கிறாள். "அந்தக் கோட்டு மகராசன் நீங்கதானா? எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? வாங்க, அவருகிட்ட சொல்லுங்க."

செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு, அவள் பின்னால் ஓடையில் இறங்குகிறேன்.