கண்மாய்க்கு நடுவே அம்மா

அம்மாவைப் புதைத்த வருஷம் கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அமரர் ஊர்தி கரையிலிருந்து இறங்கி, வெடித்துக் கிடந்த தரையில் குலுங்கிக் குலுங்கி ஓடி, கல்லறை மேட்டின் ஓரத்திலேயே போய் நின்றது. பெட்டியைத் தூக்கிச் சுமக்கிற வேலைகூட இல்லை என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். சுற்றிலும் சீமைக்கருவேல மரங்கள். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அது கண்மாய்தானா, தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மழை பொய்த்துப் பொய்த்து ஊர்க்காரர்களுக்கே அது மறந்திருந்தது.

அது அம்மா பிறந்த ஊர். காளவாசலில் பஸ் ஏறி, மேற்கே போய் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஊர்க் கிறிஸ்தவர்கள் அந்தக் காலத்திலிருந்தே கண்மாய்க்குள் இருந்த மேட்டைத்தான் கல்லறையாக வைத்திருந்தார்கள். தன் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்பா பசுமலையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முன்கூட்டியே முடித்து வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அம்மாவுக்குப் பக்கத்தில் தனக்கும் இடம் கேட்டு வாங்கி, சுற்றிச் செங்கல் பதித்து, தலைமாட்டில் இருவருக்கும் பொதுவாக ஒரே கல்லை நட்டார். இடப்பக்கம் அம்மாவின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். வலப்பக்கம் அப்பாவின் பெயர், பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறும் கல்.

"உயிரோட இருக்கிறவர் பேரைக் கல்லுல வெட்டலாமாப்பா?" என்று அண்ணன் கேட்டான்.

"செத்தவனா வந்து வெட்டச் சொல்லுவான்?" என்றார் அப்பா.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து வரத்துக் கால்வாயைத் தூர் வாரினார்கள். அந்த ஐப்பசியில் மழையும் கொட்டியது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஊரே கிடா வெட்டிக் கொண்டாடியது. நவம்பர் இரண்டாம் தேதி நாங்கள் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் செவ்வந்தி மாலையுமாகப் போய் இறங்கினால், கரைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். தூரத்தில் மேடு தெரிந்தது. மேட்டில் சிலுவைகள் தெரிந்தன. போக வழியில்லை.

ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பங்குச் சாமியார் கரையிலேயே நின்று கண்மாயைப் பார்த்துச் செபம் சொல்லி, தீர்த்தத்தைத் தண்ணீர் மேலேயே தெளித்து, கல்லறைகளை மந்திரித்தார். நிறைந்து கிடக்கிற கண்மாயில் அந்த நாலு சொட்டு விழுந்தது. எல்லோரும் கரையில் வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இனிமேல் சாகிறவர்களுக்கு ரோட்டோரத்தில் புதுக் கல்லறை என்றும் முடிவானது. எனக்கு அது போதும் என்றுதான் பட்டது. ஊரோடு ஒத்துப் போகிறவர் என் அப்பா இல்லை. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவரிடம் வேலை பார்த்த பரிசல்காரர் ஒருவர் கரையில் பாக்கு மென்றுகொண்டிருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார்.

"மேடு வரைக்கும் போகணும்."

"மழை வருது வாத்தியாரய்யா. பேசாம இங்கனயே ஏத்திட்டுப் போங்க. ஆத்தா கோவிச்சுக்கிறாது."

"அவ கோவிச்சுக்கிற மாட்டா. எனக்குத்தான் மனசு கேக்காது."

அப்படித் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மழையிலும் வாடைக் காற்றிலும் அந்த வட்டப் பரிசலில் நாங்கள் போனோம். நாங்கள் என்றால் அப்பாவும் நானும். அண்ணன் கே.கே. நகரில் கிளினிக் வைத்திருந்தான்; அவனுக்கு எப்போதும் நோயாளிகள். எனக்கு யார் இருக்கிறார்கள்? கல்யாணம் ஆகாத மகள் என்றால் குடை பிடிக்கவும் கூடப் போகவும் பிறந்தவள் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு எண்ணம்.

பரிசலில் உட்கார இருக்கை கிடையாது. அடியில் குந்தி விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது படகு மாதிரி நேராகப் போகாது. காற்று ஒரு தட்டுத் தட்டினால் சுற்றும். ஒரு நிமிஷம் முன்பு எதிரே இருந்த மேடு முதுகுக்குப் பின்னால் போய்விடும். கண்மாய் ஆழமில்லை என்று பரிசல்காரர் தைரியம் சொல்வார். ஆழமில்லாத தண்ணீரில்தான் அலை குட்டை குட்டையாக, அடுத்தடுத்து வந்து மோதுகிறது என்பது போனவர்களுக்குத் தெரியும். அடியிலே கருவேல மரங்கள் வேறு அப்படியே முழுகிக் கிடந்தன. முள் பரிசலின் வயிற்றைக் கீறிக்கொண்டு போகிற சத்தம் எனக்கு இன்றும் பல்லைக் கூசவைக்கும்.

அப்பா தீப்பெட்டியை அரிசி போட்ட டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடிக் கொண்டுவருவார், நமத்துப் போகாமலிருக்க. மேட்டில் ஏறி, குடைக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்வார். அது முடிந்ததும் அந்த வருஷத்துச் செய்திகளையெல்லாம் அம்மாவுக்கு ஒப்பிப்பார். சத்தமாக, வகுப்பில் சொல்கிற மாதிரி, ஒன்று விடாமல்.

"காளவாசல்ல பாலம் தெறந்தாச்சு. எதிர்த்த வீட்டு வேப்பமரத்தை வெட்டிட்டாங்க, இப்பல்லாம் வெயில் நேரா நம்ம அடுப்படிக்குள்ள வருது. பெரியவன் மக டான்ஸ் கத்துக்கிறா. பாப்பாவுக்கு இன்னும் ஒண்ணும் அமையல."

"அதையும் சொல்லணுமாப்பா?"

"மறைச்சா அவளுக்குப் பிடிக்காது."

அப்படி ஒரு வருஷம் திரும்பும்போதுதான் முதல் தடவையாக அதைச் சொன்னார். நனைந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மேட்டைப் பார்த்தபடியே, "பாப்பா, நான் மழைக்காலத்துல மட்டும் சாகக் கூடாது" என்றார். பங்குனி, சித்திரையில் செத்தால் கண்மாய் வற்றியிருக்கும், வண்டி கல்லறை வரைக்கும் போகும். தண்ணீர் நிற்கும்போது செத்தால் அம்மா பக்கத்தில் போய்ச் சேர முடியாது. இதைக் கணக்குப் பாடம் மாதிரி எனக்கு விளக்கினார். தினமும் ராத்திரிச் செபத்தில் இதைத்தான் கேட்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. நல்ல சாவு கேட்கிறவர்கள் உண்டு. கோடைச் சாவு கேட்டவரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

ஒரு வருஷம் பாதியிலே மாட்டிக்கொண்டோம். கிளம்பும்போது தூறல்தான். நடுக் கண்மாய்க்குப் போனதும் வாடை பிய்த்துக்கொண்டு வந்தது. பரிசல் ஒரு கருவேலத் தலையில் சிக்கி, அதையே அச்சாக வைத்துச் சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே விழுந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

"அசையாம குந்துங்கய்யா. அசைஞ்சீகன்னா மூணு பேரும் மீனுக்குத்தான்" என்று பரிசல்காரர் துடுப்பைக் கிளைக்குள் விட்டு நெம்பினார். அவர் குரலில் அதுவரை இருந்த கேலி போயிருந்தது.

அப்பா அசையாமல் எங்கே இருப்பார். டிபன் பாக்ஸைத் திறந்து, அரிசியையும் தீப்பெட்டியையும் மடியில் கொட்டிக்கொண்டு, அந்த டப்பாவால் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அம்மா என்ன போன் பண்ணியா கூப்பிட்டாங்க? எதுக்குப்பா இந்த வீம்பு?" என்று கத்தினேன். அவர் இறைப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாரும் கரையில நின்னு கும்பிட்டுட்டுப் போறாங்க. அவ தண்ணிக்கு நடுவுல தனியாக் கெடக்கா" என்றார்.

கிளை முறிந்து பரிசல் விடுபட்டது. பரிசல்காரர் யாரையும் கேட்காமல் கரைக்குத் திருப்பினார். அந்த வருஷம் மட்டும் அம்மாவுக்குச் செய்தி போகவில்லை. பஸ்ஸில் வரும்போது அப்பா, மடியில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வழியே போட்டுக்கொண்டே வந்தார்.

அப்புறம் ஒரு பங்குனியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, படுக்கையில் விழுந்தார். அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசிக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலும் கொடுத்தாயிற்று. அப்பா முகத்தில் கொஞ்சம்கூடப் பயமில்லை. கண்மாயில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பரிசல்காரருக்குப் போன் போடச் சொன்னார். "பொட்டு இல்ல, ஆடு மேயுது" என்று பதில் வந்தது. அதைக் கேட்டு நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தார். ஆனால் மருந்து வேலை செய்துவிட்டது. பிழைத்துக்கொண்டீர்கள் என்று டாக்டர் கைகுலுக்கியபோது, ஃபெயிலாகிப்போன மாணவன் மாதிரி அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயமில்லை என்று இப்போது தெரிகிறது.

அவர் செத்தது அதே வருஷம் கார்த்திகையில். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் வந்ததும், "மதுரையிலேயே முடிச்சிருவோம். இந்த மழையில அங்க எப்படிப் போக முடியும்?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் முடியவில்லை. பரிசல்காரருக்குப் போன் போட்டேன்.

"காத்து நின்னா ஏத்திரலாம்க்கா. ரெண்டு பரிசலைச் சேத்துக் கட்டி, மேல பலகை போட்டுப் பெட்டிய வச்சிரலாம். குழிய நாங்க பசங்களோட போய் வெட்டி வைக்கிறோம். வாத்தியாரய்யா நம்ம ஆளு. வாங்க" என்றார்.

மறுநாள் பகலில் மழை விட்டிருந்தது. காற்று மட்டும் விட்டுவிட்டு அடித்தது. கரையில் சாமியார் செபம் சொல்லித் தெளித்தார். இரண்டு பரிசலுக்கு நடுவே பலகை மேல் அப்பாவைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஒரு பரிசலில் நான், மற்றதில் அண்ணன். சேர்த்துக் கட்டியதால் பரிசல்கள் சுற்றவில்லை. அவர் போனதிலேயே நேராகப் போன பயணம் அதுதான். அலை பெட்டியின் மேல் ஏறி வழிந்தது. அண்ணன் ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டே வந்தான். அவன் அந்தத் தண்ணீரில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

மேட்டில் குழி தயாராக இருந்தது. சுற்றி நின்ற பையன்கள் யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். குழிக்குள் முழங்கால் அளவுக்குச் செந்தண்ணீர்.

"ஊத்து புடிச்சிருச்சுக்கா. காலையிலேர்ந்து வாளி வாளியா எறைக்கிறோம். எறைக்க எறைக்க ஊறுது" என்றார் பரிசல்காரர்.

இன்னொரு தடவை இறைத்தார்கள். அண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி இறைத்தான். தரை தெரிந்த மாதிரி இருக்கும். வாளியைக் கீழே வைப்பதற்குள் நான்கு பக்கமும் கசிந்து ஏறும். சுற்றி முழுக்கக் கண்மாய். எங்கே இறைத்து எங்கே ஊற்றுவது?

"அப்படியே வச்சா என்ன?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"பெட்டி மெதக்கும். மேல கல்லத் தூக்கி வச்சு அமுக்கணும்" என்றார் பரிசல்காரர்.

அண்ணன் குழிக்குள் நின்றபடியே என்னை நிமிர்ந்து பார்த்தான். அவரை இங்கே கொண்டுவரவேண்டும் என்று நின்றவள் நான்தான், அதனால் சொல்ல வேண்டியதும் நான்தான். என் அப்பாவைத் தண்ணீருக்குள் போட்டுக் கல்லால் அமுக்குவதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. தலைமாட்டில் அவர் பெயர் வெட்டிய கல் நனைந்து நின்றது. அம்மாவின் கல்லறைக்கும் இறக்கி வைத்திருந்த பெட்டிக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது.

"வேண்டாம். திரும்பிரலாம்" என்றேன்.

அம்மா பக்கத்தில் இல்லையென்றால் ரோட்டோரத்துப் புதுக் கல்லறையும் மதுரையும் ஒன்றுதான் என்றான் அண்ணன். பொழுது சாய்வதற்குள் மதுரையில், வரிசை வரிசையாக நம்பர் போட்ட கல்லறைத் தோட்டத்தில், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே அப்பாவை வைத்தோம். குழி காய்ந்து சுத்தமாக இருந்தது. கோடையில் எடுத்துக்கொண்டு போய் அங்கே மாற்றிவிடலாமே என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, அவரை இனிமேல் எங்கேயும் அலையவிட வேண்டாம் என்றான். எனக்கும் தெம்பில்லை. அடுத்து வந்த சித்திரையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததாகப் பரிசல்காரர் போனில் சொன்னார். நான் வெறுமனே கேட்டுக்கொண்டேன்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்குக் காலையில் அண்ணனோடு அப்பாவிடம் போய்விட்டு, நான் மட்டும் காளவாசலில் பஸ் ஏறினேன். டிபன் பாக்ஸில் அரிசியும் தீப்பெட்டியும் இருந்தன. வாடை அடித்தது. அப்பா உட்கார்கிற பக்கம் ஆள் இல்லாததால் பரிசல் என் பக்கமே சாய்ந்தது. பரிசல்காரர் அங்கே ஒரு கல்லைத் தூக்கி வைத்துச் சரிசெய்தார்.

மேட்டில் அந்தக் குழியை மண் போட்டு மூடியிருந்தார்கள். மேலே புல் வந்திருந்தது. பரிசல்காரர் கல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, எங்கூர்ல கல்லு கொத்துற ஆளு இருக்காரு. வாத்தியாரய்யாவுக்கு அந்த வருசத்த வெட்டிரச் சொல்லவா? கோடு மட்டும் மொட்டையா நிக்கிது."

"அவர் இங்க இல்லையேண்ணே."

"அப்பப் பேர அழிச்சிரச் சொல்லவா?"

குடைக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றினேன். செபம் சொன்னேன். அப்புறம் அப்பா மாதிரியே சத்தமாக அம்மாவுக்குச் செய்திகளைச் சொன்னேன். அண்ணன் கிளினிக்கை மாடிக்கு மாற்றியது, அவன் மகள் மேடையில் ஆடியது, எதிர்த்த வீட்டில் புதிதாக ஒரு வேப்பங்கன்று வைத்திருப்பது, எனக்கு இன்னும் ஒன்றும் அமையாதது. ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். மறைத்தால் அவளுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

"காத்து ஏறுதுக்கா, கெளம்புவோம்" என்றார் பரிசல்காரர்.

கிளம்பிவிட்டேன். அப்பா போய்விட்டதை மட்டும் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.